ஸ்பார்க் பிளக் வாங்கும் முன்: அந்த எண்ணில் என்னதான் எழுதியிருக்கிறது?

உதிரிபாகக் கடையில் போய் "ஸ்விஃப்ட்டுக்கு பிளக் குடுங்க" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துத் தர மாட்டார். எந்த வருஷத்து வண்டி, எந்த என்ஜின் என்று திருப்பிக் கேட்பார். இந்தியாவில் 2005-ல் வந்த ஸ்விஃப்ட்டில் இருந்தது 1.3 லிட்டர் ஜி13 என்ஜின். 2010-ல் அதன் இடத்துக்கு 1.2 லிட்டர் கே-சீரிஸ் வந்தது. 2024-ல் வந்த மாடலில் மூன்றே சிலிண்டர் கொண்ட இசட்12இ. வண்டியின் பெயர் மாறவில்லை. பிளக்கின் எண்ணிக்கைகூட மாறிவிட்டது. வந்தவரின் வண்டி டீசல் என்றால் அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே இருப்பது குளோ பிளக், குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்காகச் சூடேறும் வேறொரு பொருள்.

மாற்று பிளக் விஷயத்தில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது உண்மையில் குறைவு. அளவு, வெப்ப எண், கேப் (பொறி தாண்டும் இடைவெளி) ஆகிய மூன்றையும் என்ஜினை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள். முனையின் உலோகம் ஒன்றில்தான் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. கடையிலும் விளம்பரத்திலும் அந்த உலோகத்தைப் பற்றி மட்டுமே பேச்சு நடப்பதால், மற்ற மூன்றையும் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

பிளக்குக்கு இரண்டு வேலை. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் சுமார் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை ஏற்றிக் கொடுக்க, அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்கிறது. இரண்டாவது வேலை வெளியே தெரியாது. எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சேரும் வெப்பத்தை, பீங்கான், இரும்புக் கூடு, மரை, வாஷர் வழியாக சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது பிளக் திருகப்பட்டிருக்கும் என்ஜினின் மேல்பகுதிக்குக் கடத்திவிட வேண்டும். தவறான பிளக் என்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

எண்ணை எங்கே பார்ப்பது?

முதலில் வண்டியோடு வந்த கையேடு. கடைசிப் பக்கங்களில் என்ஜின் ஆயில், டயர் காற்றழுத்தம் போன்றவை இருக்கும் பட்டியலிலேயே பிளக்கின் எண்ணும் கேப்பும் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் பிளக் தயாரிப்பாளரின் பட்டியலில் மாடல், ஆண்டு, என்ஜின் குறியீடு மூன்றையும் கொடுத்துத் தேடலாம். வண்டியில் இருக்கும் பழைய பிளக்கைக் கழற்றி அதே எண்ணை வாங்குவது எளிய வழிதான், ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். அதற்கு முன் போட்டவர் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம்.

பிளக்கின் எண்ணிக்கையையும் சிலிண்டரைக் கணக்கிட்டுச் சொல்லிவிடாதீர்கள். 2003-ல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ என்ஜினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். நான்கு வாங்கிக்கொண்டு வந்து வண்டியைத் திறந்தபின் மறுபடி கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

இனி எண்ணைப் படிக்கலாம். என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளின் சிறிய பெட்ரோல் என்ஜின்களில் ஓடிய சாதாரண நிக்கல் பிளக் இது. தொடக்கத்திலுள்ள "பிகே" என்பது 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் அறுகோணத் தலை. அடுத்த "ஆர்", உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பதற்கு. 6 என்பது வெப்ப எண். "இ" என்றால் மரைப்பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கோட்டுக்குப் பின்னுள்ள 11, கேப் 1.1 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. அந்த இடத்தில் எதுவும் எழுதாத பிகேஆர்6இ வேறு பிளக். அதன் கேப் குறைவு.

அதே பிளக்குக்கு ஈடாக டென்சோ தருவது கே20பிஆர்-யூ11. "கே" அளவையும், 20 வெப்பத்தையும், "ஆர்" ரெசிஸ்டரையும், 11 கேப்பையும் குறிக்கின்றன. பாஷ் நிறுவனத்தில் எஃப்ஆர்7டிசி குடும்பம் இதற்கு நெருக்கமானது. அங்கே கேப் மில்லிமீட்டர் எண்ணாக எழுதப்படுவதில்லை, ஆகவே பெட்டியையோ பட்டியலையோ பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். (மைகோ பிளக் என்று பழைய மெக்கானிக்குகள் கேட்பதும் பாஷ்தான். மைகோ என்ற இந்திய நிறுவனம் 2008-ல் பாஷ் லிமிடெட் ஆனது.)

அளவில் தவறினால்

மரையின் விட்டம் தவறினால் பிளக் ஏறவே ஏறாது, அதனால் அங்கே ஆபத்து இல்லை. நீளம் அப்படி இல்லை. 19 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 26.5 மில்லிமீட்டர் பிளக்கும் நன்றாகவே ஏறும். ஏறிய பிறகு அதன் முனை எரியும் அறைக்குள் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டனோ வால்வோ அதில் மோதலாம். மோதாமல் தப்பினாலும், அறைக்குள் வெளிப்பட்டிருக்கும் மரைகளில் கரி படிந்து இறுகும். அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கரி அலுமினிய ஹெட்டின் மரையை அரித்துக்கொண்டு வெளியே வரும். மறுபுறம், நீளம் குறைந்த பிளக்கைப் போட்டால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்கிறது. எரிதல் ஒழுங்காக நடக்காது. ஹெட்டில் காலியாக விட்ட மரைகளில் கரி சேர்ந்து, பின்னால் சரியான பிளக்கைப் போட முயலும்போது பாதியில் நின்றுவிடும்.

உட்காரும் இடமும் இரண்டு வகை. நசுங்கும் வாஷர் கொண்ட தட்டை அடி ஒன்று. வாஷரே இல்லாமல் கூம்பாகச் சரிந்த அடி இன்னொன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வாயுவை அடைக்காது, வெப்பத்தையும் கடத்தாது.

தலையின் அளவு என்ஜினைப் பாதிப்பதில்லை, உங்கள் பானாவைப் பாதிக்கும். பிபிஆர்6இஎஸ் என்ற பழைய பிளக்கில் மரையும் நீளமும் வெப்ப எண்ணும் நாம் மேலே பார்த்ததைப் போலவேதான், ஆனால் தலை 20.8 மில்லிமீட்டர். இன்றைய என்ஜின்களில் பிளக் உட்காரும் ஆழக் குழி குறுகலானது. அந்தப் பெரிய சாக்கெட் உள்ளே இறங்காது. புதிய என்ஜின்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டர் மரையும் 14 மில்லிமீட்டர் தலையும் வந்துவிட்டன, சிலவற்றில் பன்னிரண்டு முனைத் தலை. சாக்கெட்டையும் பார்த்து வாங்குங்கள்.

ரெசிஸ்டர் இல்லாத பிளக்கை இன்றைய காரில் போடக் கூடாது. சுமார் 5,000 ஓம் அளவுள்ள அந்தச் சிறு தடை, பொறியிலிருந்து கிளம்பும் மின்னிரைச்சலை அடக்குகிறது. பழைய வண்டியில் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். கணினியால் ஓடும் என்ஜினில் சென்சார்களின் சிக்னலே குழம்பும்.

வெப்ப எண்: அதிகம் பேர் வழுக்கும் இடம்

"ஹாட் பிளக்", "கோல்டு பிளக்" என்ற பெயர்களுக்கும் பொறியின் சூட்டுக்கும் தொடர்பில்லை. முனையில் சேரும் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே மையக் கம்பியைச் சுற்றியிருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேறும் பாதை நீளம், முனை சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் கூட்டுக்குப் போய்விடும். அது கோல்டு பிளக்.

முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 850 டிகிரியைத் தாண்டினால் முனையே கனலாகி, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் இந்த முன்பற்றல் நீடித்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். பிளக்கின் வெப்ப எண் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் முனையை நிறுத்துவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. குறைவாகச் சூடேறும் பிளக் போட்டால் கரி பிடித்து மிஸ்ஸிங் வரும் (சில முறை கலவை பற்றாமல் என்ஜின் திக்கும்), அதோடு போகும். அதிகமாகச் சூடேறுவதைப் போட்டால் செலவு என்ஜினுக்கு வரும். இரண்டு தவறும் சமமானவை அல்ல.

இதில் கண்ணி வைத்தாற்போல் ஒரு சிக்கல் இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூட பிளக் கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடக்கூட ஹாட். பாஷ் 7 என்பது என்ஜிகே 6-க்கும் டென்சோ 20-க்கும் ஏறத்தாழச் சமம். பாஷ் 8, என்ஜிகே 5-க்கும் டென்சோ 16-க்கும் பக்கத்தில் வரும். என்ஜிகே 8 கேட்கும் ஓர் என்ஜினுக்கு "எட்டுதானே" என்று பாஷ் 8 வாங்கிப் போட்டால் மூன்று படி சூடான பிளக்கைப் போட்டதாக ஆகிவிடும். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடாமல், ஈடு அட்டவணையைப் பார்ப்பதே வழி.

ஸ்டார்ட்டிங் சரியில்லை, கரி பிடிக்கிறது என்பதற்காக ஒரு படி ஹாட் பிளக் போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கரி பிடிப்பதற்குக் காரணம் அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டராகவோ, பழுதான ஆக்ஸிஜன் சென்சாராகவோ, தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி என்ஜின் சூடாவதற்குள் அணைப்பதாகவோ இருக்கலாம். பிளக்கை மாற்றி அதை மறைக்கலாம், சரிசெய்ய முடியாது. சக்தி கூட்டப்பட்ட டர்போ என்ஜினுக்கு ஒரு படி கோல்டு போடுவது உண்டு. அது டியூனிங் செய்தவர் எடுக்கும் முடிவு.

கேப் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

கேப் அகலமானால் பொறி நீளம், பற்றவைப்பது உறுதி. ஆனால் அதைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், அந்தச் சுமை காயிலின் மேல் விழும். முனைகள் தேயத்தேய கேப் தானாகவே அகலமாகிக்கொண்டு போகும்; பிளக்கை மாற்றாமலே ஓட்டுபவர்களின் காயில்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு இதுதான் முக்கியமான காரணம். கேப் குறுகினால் பொறி எளிதாகத் தாண்டும், ஆனால் சின்னப் பொறி. ஐட்லிங்கில் என்ஜின் நடுங்கும். காற்றழுத்தம் கூடினால் பொறி தாண்டுவதே கடினம் என்பதால் டர்போ என்ஜின்களில் 0.7, 0.8 என்று கேப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். சாதாரண என்ஜின்களில் 0.8 முதல் 1.1 வரை பார்க்கலாம்.

பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கும் வழியில் அடிபட்டு கேப் மாறியிருக்கக்கூடும். இடைவெளியை அளக்கும் கம்பி வகை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். நிக்கல் பிளக் என்றால் வளைந்திருக்கும் வெளிக்கம்பியை மட்டும் மெல்லத் தட்டியோ நெம்பியோ திருத்தலாம். மையக் கம்பியில் ஊன்றி நெம்பக் கூடாது, பீங்கான் விரிசல் விடும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் நாணயம் போன்ற வட்டக் கேஜை நுழைத்தாலே மெல்லிய முனை உடைந்துவிடும். அவற்றில் கேப் பெரிதாக வேறுபட்டால் திருத்தாமல் கடையில் திருப்பிக் கொடுப்பதே மேல்.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வாயுவைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. பெட்ரோலில் தெரியாத தேய்மானம் சிஎன்ஜியில் உடனே மிஸ்ஸிங்காகத் தெரியும். தொழிற்சாலையிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த வண்டி என்றால் கையேட்டில் அதற்கான பிளக்கும் மாற்றும் இடைவெளியும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

சாதாரண பிளக்கைப் பலர் "காப்பர் பிளக்" என்பார்கள். செம்பு உள்ளே ஓடும் தண்டில்தான்; பொறி பாயும் முனை நிக்கல் கலவை, சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. உருகுநிலை உயர்ந்த, கடினமான உலோகம் பொறியால் மெதுவாகத் தேய்கிறது. அதனால் முனையை 0.4 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக ஆக்க முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே கிளம்பும், தீச்சுடர் வளரவும் இடம் கிடைக்கும்.

ஆயுளைப் பற்றி: நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர். இரண்டு முனைகளிலும் விலையுயர்ந்த உலோகம் கொண்ட இரிடியம் பிளக் பல வண்டிகளில் 1,00,000 கிலோமீட்டர் வரை. "இரண்டு முனைகளிலும்" என்பதைக் கவனியுங்கள். கடையில் இரிடியம் என்று கிடைப்பவற்றில் சில, மையத்தில் மட்டும் இரிடியம் வைத்து வெளிக்கம்பியை நிக்கலாகவே விட்டவை. அவை நல்ல பிளக்குகள்தான். ஆனால் லட்சம் கிலோமீட்டர் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிக்கல் பக்கம் தேய்ந்து கேப் அகலமாகிவிடும்.

இது இன்னும் முக்கியமாகும் இடம் ஒன்று. சில என்ஜின்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி தருகிறது, ஒன்று வேலைக்கு, ஒன்று வீணுக்கு. அந்த ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் தலைகீழாக, வெளிக்கம்பியிலிருந்து மையத்துக்குப் பாயும். அங்கே தேய்வது வெளிக்கம்பி. அத்தகைய என்ஜினுக்கு இரட்டை பிளாட்டினமோ இரட்டை முனை இரிடியமோ குறிப்பிட்டிருந்தால், ஒற்றை முனை பிளக்கைப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது.

மேலே ஏறுவது பொதுவாகப் பாதுகாப்பானது, கீழே இறங்குவது அல்ல. நிக்கல் வந்த வண்டிக்கு அதே அளவிலும் வெப்ப எண்ணிலும் இரிடியம் போடலாம். மாற்றும் வேலை குறையும். ஆனால் "பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும்" என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிய பிளக் போட்டாலே, அது நிக்கலாக இருந்தாலும், இழுவை திரும்பி வரும். பெயரை இரிடியம் தட்டிக்கொண்டு போகிறது. இரிடியம் வந்த வண்டிக்கு நிக்கல் போட்டால் ஓடும், ஆனால் கையேட்டின் லட்சம் கிலோமீட்டர் கணக்கு அதோடு செல்லாது. கைக்கு எட்டாத இடத்தில் பிளக் இருக்கும் என்ஜின்களில், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் போக வேண்டும் என்றால், கூலியைக் கணக்குப் பார்த்தால் இரிடியமே மலிவு. பிளக் மேலேயே தெரியும் எளிய என்ஜினுக்கு, கையேடு நிக்கல் என்று சொன்னால், நிக்கலே போதும்.

இரிடியத்துக்கு விலை இருப்பதால் போலியும் இருக்கிறது. பெட்டியின் அச்சை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், பிளக்கைப் பாருங்கள். அசலில் மரை மழமழவென்று இருக்கும், பீங்கானில் எழுத்து தெளிவாக இருக்கும், முனை மையத்தில் நேராக நிற்கும், நசுங்கும் வாஷர் கையால் சுழற்றினால் எளிதில் கழன்று வராது. நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலிகளில் கேப்பே நான்கு விதமாக இருக்கும்.

பொருத்தும்போது

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரை கூடவே வரும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பிளக்கை எடுக்கும் நொடியில் அது சிலிண்டருக்குள் விழும். குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அது பிளக்கின் குற்றம் இல்லை, வால்வு கவர் கேஸ்கெட்டின் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது பிளக் போட்டால் காயிலின் ரப்பர் ஊறிக் கெடும்.

எடுத்த பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வையுங்கள். வெளிர் பழுப்போ சாம்பலோ நல்ல நிறம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது குறுந்தூர ஓட்டம். எண்ணெய்ப் பசை என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப்போய்க் கொப்புளம் கண்டிருந்தால் அதிக வெப்பம். புது பிளக் போடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். வெளியே, பீங்கான் கூட்டைத் தொடும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் வாயு கசிகிறது என்று பயப்படாதீர்கள். உயர் வோல்டேஜ் எண்ணெய்த் துகளை ஈர்த்து உண்டாக்கும் கறை அது, தீங்கில்லை.

புது பிளக்கைக் குழிக்குள் போட்டுவிடக் கூடாது, ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட்டில் செருகி இறக்க வேண்டும். தரையில் விழுந்த பிளக்கைப் பயன்படுத்த வேண்டாம்; பீங்கானின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டும் திருகுங்கள், பிடித்தால் திரும்பக் கழற்றி மறுபடி தொடங்குங்கள். அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச். கையேட்டு எண் கிடைக்காவிட்டால், அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. ரெஞ்ச் இல்லாதவர்கள் வாஷர் உட்கார்ந்து தட்டியதிலிருந்து, புது 14 மில்லிமீட்டர் பிளக்கை அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை திருப்புவார்கள். கூம்பு அடிக்கு அந்தக் கணக்கு ஆகாது, பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதும். இறுக்கம் குறைந்தால் வெப்பம் கடத்தப்படாமல் முனை கனலும்; கூடினால் கூடு இழுபட்டுப் பீங்கான் தளரும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பூச்சு கொண்ட இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. உராய்வு குறைவதால் ரெஞ்ச் காட்டும் எண்ணைவிட அதிகமாகவே இறுகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் மிஸ்ஸிங் இருந்து, செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுவிடும். என்ஜின் கணினியின் பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 வந்தால் மிஸ்ஸிங் முதல் சிலிண்டரில், பி0302 என்றால் இரண்டாவதில். ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் இருக்கும் என்ஜின் என்றால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பிழை எண் பி0302 ஆக நகர்ந்தால் காயில் கெட்டிருக்கிறது. நகராமல் பி0301-லேயே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் அந்த சிலிண்டரின் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும்.